இஞ்சின் அறைக்குப் போன பெட்டி

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முடிவதற்குள் மூன்று முறை எழுந்து வெளியே போய்விட்டு வருவேன். "இவ கால்ல சக்கரத்தைக் கட்டித்தான் ஆண்டவர் அனுப்பினார்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குக் கிடைத்தது நின்றுகொண்டே பார்க்கிற வேலை. அதனால்தான் அங்கே மூன்று வருடம் தாக்குப்பிடித்தேன் என்று நினைக்கிறேன்.

வேலை இதுதான். தைத்து, ஒட்டி, துடைத்து முடித்த ஷூ கடைசியாக என் மேசைக்கு வரும். ஜோடியாகக் கையில் எடுக்க வேண்டும். தையலை நகத்தால் தடவ வேண்டும், மடக்க வேண்டும், திருப்ப வேண்டும், அடியில் கட்டைவிரலை இழுக்க வேண்டும். சரி என்றால் நாக்கு மாதிரித் தொங்குகிற தோலைத் தூக்கி, உள்பக்கம் வட்ட முத்திரை குத்த வேண்டும். என் முத்திரையின் எண் பதினேழு. அந்தப் பதினேழு விழுந்துவிட்டால் அந்த ஷூவுக்கு நான் பொறுப்பு. அதற்கு அப்புறம் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள், பெட்டிக்குள் போய்விடும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. வீடு வேலூரில். காலையில் காட்பாடியில் ரயில் பிடித்து ஆம்பூர், சாயந்திரம் அதே வழியில் திரும்பல். ரிட்டையரான நர்ஸ் என் அம்மா. பெண் பார்க்க வருகிறவர்களிடம் தோல் கம்பெனி என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, "எக்ஸ்போர்ட் ஆபீஸ்" என்பாள். எப்படியாவது ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில், ஃபேனுக்குக் கீழே என்னை உட்கார்த்திவிட வேண்டும் என்பது அவள் ஜெபம். உட்கார முடியாத எனக்கும் அந்த வேலை மேல் ஆசை இருந்தது. இங்கிருந்து கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். எங்கே போய் விழுவது என்பதைப் பற்றி அப்போது எனக்கு அக்கறை இல்லை.

அந்த வருடம் கம்பெனி கொரியாவிலிருந்து சோல் அழுத்துகிற மெஷின் ஒன்று வாங்கியது. மெஷினோடு ஒரு ஆளும் வந்தார். நாற்பது வயதிருக்கும். எல்லாருக்கும் அவர் கொரியா சார். பேச்சில் பாதி இங்கிலீஷ், கால் பங்கு தமிழ், மீதி கை. பிரியாணியைத் தொட மாட்டார், அதோடு வருகிற கத்தரிக்காய்த் தொக்கை மட்டும் டப்பாவில் வாங்கிக்கொண்டு போவார். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் "ஓகே". மெஷின் நின்று புகை வந்தாலும் ஓகே. பிசின் காயாமல் சோல் பிய்ந்து வந்தாலும் ஓகே, ஓகே. ஓகே சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், நான் பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஷூ தொழிலுக்கு வருமுன் அவர் கடற்படையில் ஆறு வருடம், ஒரு போர்க்கப்பலின் இஞ்சின் அறையில் இருந்தவர். அந்தக் கப்பலின் போட்டோவை மெஷினின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் கிடைத்தாலும் அந்தக் கதைதான். அதற்கு முன் அவர்கள் கடற்படையில் இருந்தவை பெரும்பாலும் அமெரிக்கா ஓட்டிக் கழித்த பழைய கப்பல்களாம். இது அவர்கள் நாட்டிலேயே, அவர்கள் கையாலேயே கட்டியது. முன்னால் ஒரு பீரங்கி, பின்னால் ஒரு பீரங்கி, தண்ணீருக்கடியில் பதுங்கி வருகிறவனைக் கேட்கிற காது. நூற்றைம்பது பேர் மூன்றடுக்குக் கட்டிலில் படுப்பார்கள். பனிக்காலத்தில் மேல்தளத்துக் கயிறு உறைந்து கம்பியாகிவிடும், கீழே இஞ்சின் அறையிலோ சட்டையைப் பிழிந்தால் வேர்வை கொட்டும். இரும்புத் தகட்டுத் தரை, அதன்மேல் எப்போதும் எண்ணெய். தன் தாடையிலிருந்த நீளத் தழும்பைக் காட்டி, "ஷூ வழுக்கல், நான் டமால்" என்பார்.

"அந்தக் கப்பல் எங்கெல்லாம் போச்சு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

எங்கும் போகவில்லை என்றார். எல்லைக் கோட்டை ஒட்டி மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். வருடக்கணக்காக அதேதான். சண்டை வரலாம், வராமலும் இருக்கலாம், ஆனால் நிற்கக் கூடாது. அதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கப்பலைப் பிடித்துப்போயிற்று. காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே நான் செய்துகொண்டிருந்ததும் அதுதானே.

பிறகு ஒரு நாள் அவர் நிலைகொள்ளாமல் ஓடிவந்தார். பயிற்சிப் பயணத்தில் அதே கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது, மூன்று நாள் நிற்கும். நிர்வாகத்திடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கப்பல் தளத்தில் போடுகிற கறுப்பு ஷூ பதின்மூன்று பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு ஜோடி, மாலுமிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது. அவர்களுக்குப் பிடித்தால் பிற்பாடு ஆர்டரே வரலாம். டிசைன் அவருடையது. கப்பல் கிளம்புகிற வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவிலிருந்து எட்டுப் பேருக்கு அதைப் பார்க்க அனுமதி. பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஆனால் அதே வெள்ளிக்கிழமை வேலூரில் ஆஸ்பத்திரி வேலைக்கு இன்டர்வியூ. நான் வரவில்லை என்று சொன்னேன். அவர் முகம் விழுந்தது, ஆனால் வாய் ஓகே என்றது.

ஷூவுக்கான விவரத் தாளில் ஒரு வரியின் கீழ் அவர் இரண்டு கோடு போட்டிருந்தார்: சோலில் எதையும் பூசக் கூடாது. என்னிடம் தனியாக வந்து ஷூவைத் திருப்பிக் காட்டி, "அடி, ஒண்ணும் வேணாம்" என்று தமிழிலும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் அது நடக்காத காரியம். பெட்டிக்குப் போகிற ஷூவின் அடி மினுங்க வேண்டும். வாங்குகிறவன் பெட்டியைத் திறந்ததும் திருப்பித்தான் பார்ப்பான் என்று ஃபினிஷிங் பிரிவில் சேருகிற பெண்ணுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். மெழுகுத் தண்ணீரைத் தொட்டுத் துணியால் இரண்டு இழுப்பு, யாரும் சொல்லாமலே கை செய்யும். அந்தப் பிரிவுக்குத் தலைவியாக இருந்த அக்கா ஒருத்தி, கொரியா சாரிடம் சோல் ஒட்டும் நுணுக்கத்தைச் சண்டை போட்டே கற்றுக்கொண்டவள். நம்ம சாரின் கப்பலுக்குப் போகிற ஷூ என்றதும் அவளும் அவள் ஆட்களும் இரண்டு இழுப்புக்குப் பதிலாக நாலு இழுப்பு இழுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயந்திரம் அவை என் மேசைக்கு வந்தன. ஐந்தரை ரயிலை விட்டால் வீட்டுக்குப் போய்ப் புடவை இஸ்திரி போட முடியாது என்ற அவசரத்தில் நான் இருந்தேன். முதல் ஜோடியின் அடியில் கட்டைவிரலை வைத்ததும் அது சர்ரென்று ஓடியது.

"இன்னாக்கா இது? ஒண்ணும் பூச வேணாம்னு சொல்லல?"

"சொன்னாரு. ஆனா ஷூவுக்கு மூஞ்சி செத்துப்போயிருந்துச்சும்மா. அவரோட ஆளுங்க முன்னாடி அவரு தலைகுனியக் கூடாதுன்னுதான் பண்ணேன். எவ்ளோ அழகா கீது பாரு."

அழகாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியும். இரும்புத் தகடும் எண்ணெயும் தாடைத் தழும்பும் எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். பதின்மூன்று பெட்டிக்கும் முத்திரையைக் குத்திவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். இதில் அக்காவின் தப்பு ஒரு பங்கு என்றால் என் தப்பு ஒன்பது பங்கு. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். ஒரு அம்மா ஃபினாயில் தண்ணீர் போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஈரமா கீது, பாத்துப் போங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புது ஷூ போட்ட ஒரு பையன் கால் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். விழவில்லை. சிரித்துக்கொண்டு போய்விட்டான். எனக்குத்தான் நேற்றுக் கட்டைவிரல் சர்ரென்று ஓடியது ஞாபகம் வந்தது.

கம்பெனிக்கு போன் செய்து பயனில்லை. வேன் விடியும்போதே கிளம்பியிருக்கும். கப்பல் அன்று சாயந்திரம் புறப்படுகிறது. அதற்கப்புறம் அந்த ஷூக்கள் கடலில் இருக்கும், ஒவ்வொன்றிலும் என் பதினேழு இருக்கும். உள்ளே போன பெண் வெளியே வந்தாள், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்தது நான். எழுந்து, சான்றிதழ் ஃபைலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஈரத் தரையில் பார்த்துப் பார்த்து நடந்து வெளியே வந்துவிட்டேன்.

காட்பாடியில் ஸ்டேஷனுக்கு முன்னால் இருந்த ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் இருந்த வரைக்கும் வாங்கினேன். "வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்றார் கடைக்காரர். கப்பலுக்கு என்றேன். அவர் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

துறைமுக வாசலில் பட்டியலில் என் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. வரவில்லை என்று சொன்னவளின் பெயரைக் கொரியா சார் அடிக்காமலே விட்டிருக்கிறார். உள்ளே போனால் சாம்பல் நிறத்தில் ஒரு தெரு நீளத்துக்கு அந்தக் கப்பல். போட்டோவில் இருந்ததைவிட அழுக்காக, அங்கங்கே துரு வழிந்து, வேலை செய்கிற ஒன்றாக இருந்தது. ஏணியில் ஏறினேன். பின்தளத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அக்காவும் மற்றப் பெண்களும் மாலுமிகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். கொரியா சார் ஒருவரையும் விடாமல் கை குலுக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை ஆம்பூரில் நான் பார்த்ததில்லை.

"சார், சோல்ல மெழுகு இருக்கு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் முத்திரை போட்டேன்."

ஒரு ஷூவை எடுத்தார். அடியில் கட்டைவிரலை இழுத்தார். என்னைப் பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. "சீக்கிரம்" என்று தமிழில் சொன்னார்.

தளத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். ஆமாம், நானும் உட்கார்ந்தேன், மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல். ஒவ்வொரு சோலையும் உப்புத்தாளால் சொரசொரப்பாகும் வரை தேய்த்தோம். இரண்டு மாலுமிகள் வேடிக்கை பார்க்க வந்து, அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா தேய்த்துக்கொண்டே அழுதாள்.

"நல்லதுக்குத்தானே பண்ணோம்? இப்ப எங்க கையாலயே அதைக் கெடுக்கிறோம்."

"அக்கா, நீங்க தேய்க்காட்டி யாராவது கால ஒடச்சிக்குவான். தேய்ங்க."

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு தேய்த்தாள். எங்கள் எல்லாரையும்விட அவள்தான் அதிகம் தேய்த்தாள். கடைசி ஜோடியின் குதிகாலையும் நடுவையும் தேய்த்து, முன்பாதி மட்டும் மீதி இருக்கும்போது உப்புத்தாள் தீர்ந்துபோயிற்று. கொரியா சார் பையிலிருந்து தோல் சீவுகிற கத்தியை எடுத்தார். சோலின் முன்பாதியில் சாய்வாக மூன்று கீறல், அவற்றைக் குறுக்கே வெட்டி எதிர்ச்சாய்வில் மூன்று கீறல். இடது, வலது இரண்டிலும் அதே மாதிரி. ஆழமாகவும் இல்லை, மேலோட்டமாகவும் இல்லை. என்னிடம் காட்டினார், நான் விரல் வைத்தேன், பிடித்தது.

அப்போதுதான் பெட்டிகளை எண்ணினேன். பன்னிரண்டு.

"இன்னொண்ணு எங்க சார்?"

காலையில் வந்ததும் முதல் பெட்டியை அவரே தோளில் தூக்கிக்கொண்டு இஞ்சின் அறைக்குப் போய்க் கொடுத்திருக்கிறார். "என் பசங்க" என்று கையைக் கீழே காட்டினார். கப்பலிலேயே அதிகமாக வழுக்குகிற தரை, அங்கேதான் மெழுகோடு பன்னிரண்டு ஜோடி. அந்த நேரம் பார்த்து வெளியாட்கள் இறங்க வேண்டும் என்று விசில் ஊதினார்கள். அவர் தளத்திலிருந்த ஓட்டை வழியாக இரும்பு ஏணியில் இறங்கிக் காணாமல் போனார். நானும் பின்னாலேயே போனேன், ஒரு இளம் அதிகாரி கையை நீட்டி மறித்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெறுங்கையோடு மேலே வந்தார்.

"சொல்லியாச்சு. ஓகே."

வேன் பூந்தமல்லி தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"பத்து நிமிஷத்துல பன்னிரண்டு ஜோடியா? யார்கிட்ட சொன்னீங்க? என்ன சொன்னீங்க?"

"சொல்லியாச்சு."

"பொய். எதுக்கெடுத்தாலும் ஓகே. உங்க ஆளுங்க முன்னாடி தப்புன்னு ஒத்துக்க வெக்கம், அதான் சும்மா போய்ட்டு வந்தீங்க."

வேனில் எல்லாரும் கேட்டார்கள். "இன்னாம்மா இப்டி பேசற" என்று அக்கா என் தொடையைக் கிள்ளினாள். தப்பு செய்தவள் நான், திட்டு வாங்கியவர் அவர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆம்பூர் வரை திரும்பவில்லை.

ஆர்டர் வரவில்லை. மெழுகுதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வேலை வேறொருத்திக்குப் போனது. "கூப்பிடுற நேரத்துல எழுந்து போனவ நீ ஒருத்திதான்டி இருப்ப" என்று திட்டிவிட்டு அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இரண்டு மாதத்தில் கொரியா சாரும் ஊருக்குத் திரும்பினார். கிளம்பும்போது எல்லாருக்கும் ஏதாவது கொடுத்தார், எனக்கு மெஷினிலிருந்து உரித்த அந்தக் கப்பல் போட்டோ. மூலைகளில் டேப் கறை. முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு கேட்கவில்லை, ஏனென்றால் அவர் பொய்தான் சொன்னார் என்று அப்போதும் நம்பினேன்.

அதன் பிறகு எந்தக் கம்பெனியிலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை, அங்கிருந்து வாணியம்பாடி, திரும்ப ஆம்பூர். நடுவில் ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வேக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஊர் ஊராக மாற்றலாகிறவர் என்பதாலேயே சம்மதித்தேன் என்று அவர் இன்றும் கேலி செய்வார். யாராவது கால் வழுக்கினால் போதும், அந்தப் பன்னிரண்டு பேர் ஞாபகம் வந்துவிடும். இன்டர்நெட் சென்டர்கள் வந்த புதிதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தக் கப்பலைத் தேடினேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே, கீழே, மேலே, கீழே. இஞ்சின் அறையில் எவனோ ஒருவன் விழுந்தான் என்பதையெல்லாம் யார் எழுதப்போகிறார்கள்.

பிறகு பல வருடம் கழித்து, காலணித் தோல் கண்காட்சி ஒன்றுக்காகக் கம்பெனி என்னைத் தென்கொரியாவுக்கு அனுப்பியது. கடைசி நாள் அரை நாள் ஓய்வு. முப்பது வருடம் ஓடி ஓய்வு பெற்ற அந்தக் கப்பலை, ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில் கட்டிப்போட்டு மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் டாக்சி பிடித்தேன். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுவதே அதிசயம், அதில் போர்க்கப்பல் வேறு.

துரு இல்லை. புதுப் பெயின்ட். தரையெல்லாம் துடைத்து மினுங்கியது. பெட்டிக்குப் போகிற ஷூவுக்குச் செய்வதைக் கப்பலுக்கே செய்துவிட்டார்கள் என்று சிரிப்பு வந்தது. அதோடு அது நின்றிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அசையவே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பீரங்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று என்னை இறங்க விடாமல் மறித்த அந்த ஓட்டை வழியாக, இப்போது யார் வேண்டுமானாலும் இறங்கலாம். இறங்கினேன்.

இஞ்சின் அறையின் ஓரத்தில் கயிறு கட்டி, கண்ணாடி போடாமல், மாலுமிகள் பயன்படுத்திய சாமான்களை வைத்திருந்தார்கள். தட்டு, தொப்பி, ஸ்பேனர், காதை மூடுகிற கவசம். கீழ்த்தட்டில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டேன். காவலுக்கிருந்த வயதானவர் ஓடிவந்து அதட்டினார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என்னுடையது. ஷூவைக் காட்டினேன், என் நெஞ்சைக் காட்டினேன், தைப்பது போலக் கையால் காட்டினேன். பிறகு நாக்குத் தோலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவர் தூக்கிப் பார்த்தார். நான் தாளில் பதினேழு என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஷூவை என் கையில் கொடுத்தார்.

திருப்பினேன்.

குதிகாலுக்கும் முன்பாதிக்கும் நடுவில், தரையில் படாத இடத்தில், உப்புத்தாள் பட்ட தடமே இல்லை. அக்காவின் மெழுகு மஞ்சளாகி அப்படியே இருந்தது. மேல்தளத்தில் கத்தி பட்ட கடைசி ஜோடிக்குக்கூட நடுவில் தேய்த்திருந்தோம், அதனால் இது கீழே போன பெட்டியில் இருந்த ஜோடிதான். முன்பாதி தேய்ந்திருந்தது, ஒருவன் வருடக்கணக்காக நடந்த தேய்மானம். அந்தத் தேய்மானத்துக்குள்ளே சாய்வாக மூன்று கீறல், அவற்றைக் குறுக்கே வெட்டி எதிர்ச்சாய்வில் மூன்று. அடுத்த காலிலும் அதே மாதிரி. கீறலின் விளிம்பு சோலோடு சேர்ந்தே மழுங்கியிருந்தது. நடந்து தேய்ந்த பிறகு வெட்டியிருந்தால் விளிம்பு கூராக நிற்கும். இது போட்டு நடப்பதற்கு முன்பே வெட்டியது. இதைச் சொல்ல எனக்கு யாரும் தேவையில்லை, என் வேலையே அதுதான்.

சொல்லியிருக்கிறார். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு ஜோடியையும் வெட்ட முடியாது, ஆனால் ஒன்றை வெட்டிக் காட்டிவிட்டு மற்றதை அவர்களையே வெட்டச் சொல்லப் பத்து நிமிடம் தாராளம். சொல்லிவிட்டு வந்து சொல்லியாச்சு என்றார். அவரை நான் வேன் நிறைய ஆட்கள் முன்னால் பொய்யன் என்றேன். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இஞ்சின் அறையின் இரும்புத் தகட்டில், அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காவல்காரர் என்னை எழுப்பவில்லை. மூடுகிற மணி அடித்த பிறகுதான் குனிந்து, கையை நீட்டி, "ஓகே?" என்று கேட்டார்.

"ஓகே" என்று சொல்லிக் கொடுத்தேன்.